நேர்காணலில் பெரியவள் சொன்னது

எங்கள் வீட்டில் இப்போது ஒரே பிள்ளைதான். ஆனாலும் அவளைப் பெரியவள் என்றே கூப்பிடுகிறோம். சின்னவன் போய் இரண்டு வருடமாகிறது. கூப்பிடும் பெயரை மாற்ற எனக்கும் வாய் வரவில்லை, என் அண்ணனுக்கும் வரவில்லை. பிள்ளைகளின் அப்பா அதற்கும் முன்பே வேறொரு குடும்பத்துக்காரர் ஆகிவிட்டார்.

காது கேளாத குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் படிப்பு ஒன்று வெளிநாட்டில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் இருக்கிறது என்று பெரியவள் கண்டுபிடித்தாள். உதவித்தொகையும் தருவார்களாம். விண்ணப்பத்தோடு போதகரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். அவர் தயங்காமல் கொடுத்தார். ஒழுக்க விதிகளை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், போட்டாள். எனக்குத்தான் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் விடுதியைப் பூட்டிவிடுவார்களாம்.

“அப்ப இவ எங்க போவா?” என்றேன்.

“அங்க சபைக்காரங்க யாராவது வீட்டுல வெச்சுக்குவாங்களாம். நீ ஏன் இப்பவே அழுற?” என்றார் அண்ணன்.

நான் அழவில்லை. யாரோ ஒருத்தி என் மகளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்து, வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று காட்டுவதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். உலகத்தில் எதையும் ஸ்டீயரிங் பிடித்தபடிதான் யோசிப்பார். கல்லூரியிலிருந்து நேர்காணலுக்கு நாள் குறித்து, கேட்கப்போகும் கேள்விகளில் சிலவற்றை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். உன் விசுவாசம் சோதிக்கப்பட்ட நேரத்தைப் பற்றிச் சொல் என்பது அதில் ஒன்று.

“தம்பியச் சொல்லு,” என்றார் அண்ணன். “மனசு உடைஞ்சுபோச்சு, ஆண்டவர் சமாதானம் குடுத்தாரு. அங்கயே பிரேக் போட்டுடணும். அதுக்கு மேல பேசினா வண்டி பள்ளத்துல எறங்கிடும்.”

“உங்க ஸ்கூல் வண்டி மாதிரி, அன்னைக்கு உங்க காலுகிட்ட இன்னொரு பிரேக் இருக்காது மாமா,” என்றாள் பெரியவள்.

“அதனாலதான் இப்பவே கத்துறேன். உங்கம்மாவுக்கும் வண்டி கத்துக் குடுத்தேன். வீட்டு கேட்டைத் தவிர வேற எதையும் இடிக்கல.”

மூவரும் சிரித்தோம். மூக்குக்கண்ணாடிக் கடையில், ஃப்ரேமுக்குள் சரியாக உட்காரும்படி லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக் கொடுப்பது என் வேலை. அந்தப் பதிலையும் நான் அப்படித்தான் தேய்த்தேன். ‘மருத்துவமனை நாட்கள்’ என்பதைச் சுருக்கினேன். ‘அம்மாவின் ஜெபம் எனக்குப் பலமாக இருந்தது’ என்று ஒரு வரி சேர்த்தேன். பெரியவள் மனப்பாடம் செய்தாள்.

நேர்காணல் விடிகாலையில் நடந்தது. சாப்பாட்டு மேசையில்தான் நெட் நன்றாகக் கிடைக்கும் என்று லேப்டாப்பை அங்கே வைத்திருந்தாள். குழாயைத் திறக்காதே, பாத்திரத்தை உருட்டாதே என்று எனக்குக் கட்டளை. நான் அடுக்களையில் கைகட்டி நின்றேன். என் இங்கிலீஷ் கடைக்கு வருகிறவர்களோடு பேசிப் பேசி வந்தது. வேகமாகப் பேசினால் பிடிபடாது. அந்த நாட்டுக்காரர்களுக்குப் புரிய வேண்டுமே என்று பெரியவள் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தாள். அதனால் எனக்கும் புரிந்தது.

அந்தக் கேள்வி வந்தது. தம்பிக்கு இரத்தத்தில் நோய் என்று தொடங்கினாள். நாங்கள் தேய்த்துவைத்த வரிகள் ஒழுங்காக வந்தன. பிறகு நிறுத்தினாள்.

“மன்னிக்கணும். இது நான் மனப்பாடம் பண்ணினது. நடந்தது வேற,” என்றாள். “எல்லாரும் அவன் பிழைக்கணும்னு ஜெபம் பண்ணினாங்க. அம்மா சாப்பிடாம ஜெபம் பண்ணினாங்க. அவன் படுற வலியப் பாத்துட்டு, போதும், அவனை எடுத்துக்கோன்னு நான் கேட்டேன். மறுநாள் காலையில அவன் போயிட்டான். அதுக்கப்புறம் கடவுள்கிட்ட எதையும் கேக்க எனக்குப் பயம்.”

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது. “இங்கே வாரத்தில் மூன்று நாள் ஆராதனைக்கு வர வேண்டும். உன்னால் முடியுமா?”

“உக்கார முடியும்,” என்றாள் பெரியவள்.

முடிந்ததும் அடுக்களைக்கு வந்தாள். “ஏதாவது கேட்டுச்சாம்மா?”

“உங்க இங்கிலீஷ் எனக்கெங்க புரியுது,” என்று குழாயைத் திறந்தேன்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மகளை நினைத்து உருகியிருந்தால் நல்ல தாய் என்று நானே என்னை மெச்சிக்கொண்டிருப்பேன். உருகவில்லை. சபை மொத்தமும் ஒரு பக்கம் கயிற்றை இழுக்க, என் வயிற்றில் பிறந்தவள் மறுபக்கம் நின்று இழுத்திருக்கிறாள். கடையில் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அதையே நினைத்தேன். இரண்டு கண்ணாடிகளை உடைத்தேன். நினைக்க நினைக்க, கோபத்துக்கு அடியில் வேறொன்று கிடந்தது. நான் நாக்கு வறளக் கேட்டதைக் கொடுக்காதவர், அவள் ஒரு தரம் கேட்டதை உடனே கொடுத்திருக்கிறார். எனக்கு அவள்மேல் பொறாமை. பெற்ற மகள்மேல், அதுவும் இதற்காகப் பொறாமைப்படுகிற ஒருத்தி என்னைத் தவிர யாராவது இருப்பாளா என்று தெரியவில்லை.

இந்த இரண்டு வருடமும் வீட்டு ஜெபத்தில் பெரியவள் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டதற்கும் காரணம் புரிந்தது. கூச்சம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அவள் நேர்மையைப் பாராட்டி ஒரு வரியும் எழுதியிருந்தார்கள். “பாத்தியா, நான் சொன்ன மாதிரியே பேசியிருக்கா,” என்று அண்ணன் மார்தட்டினார். நாங்கள் இருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மிச்சமிருந்தது விசா. அதற்குப் போவதற்கு முந்தின நாள் மாலை ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அவள் சங்கீதத்தை வாசித்துப் புத்தகத்தை மூடினாள்.

“இன்னைக்கு நீ ஜெபம் பண்ணு,” என்றேன்.

“நீயே பண்ணும்மா.”

“உனக்குத்தான விசா. நீ கேட்டாத்தான் உடனே குடுக்குறாரே.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மை என்று தெரிந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“புரியலன்னு சொன்ன.”

“மெதுவாத்தான பேசின.”

அவள் பாயின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். “திட்டும்மா. திட்டிடு.”

“திட்டி என்ன ஆகப்போகுது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? யாரோ வெளிநாட்டுக்காரிகிட்டப் போய்ச் சொல்ற.”

“அவங்ககிட்ட முழுசாச் சொல்லல,” என்றாள். “அவன்தாம்மா கேக்கச் சொன்னான். ஆஸ்பத்திரியில நீ கீழ நடந்த ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த. ‘அக்கா, நீ கேளு. அம்மா கேக்க மாட்டாங்க. அம்மா என்னை விடமாட்டாங்க’ன்னான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னான்.”

எனக்கு முதலில் அது விளங்கவே இல்லை. பிறகு அவனுடைய குரலிலேயே கேட்டது. அம்மா என்னை விடமாட்டாங்க. பதினோரு வயதுப் பிள்ளை, என்னைத் தெரிந்து வைத்திருந்தான். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் முழங்காலில் நின்ற ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு, என் மனம் நோகாமலிருக்க ஆமென் சொல்லியிருக்கிறான்.

பெரியவள் என் மடியில் தலை வைக்கவில்லை. நானும் இழுத்து அணைக்கவில்லை. நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. அவள் தோளில் கையை மட்டும் வைத்தேன்.

“விசா வேண்டாம்னு நீ கேட்டாலும் பரவால்லம்மா,” என்றாள். “நான் இருந்துக்கிறேன்.”

கண்ணை மூடினேன். ‘வேண்டாம்’ என்பது வாய் வரை வந்தது. அவள் இல்லாத வீடு, மேசையில் ஒரே தட்டு, விடுதி பூட்டியிருக்கும் நாட்களில் யாரோ ஒருத்தி கொடுக்கும் துண்டு எல்லாமும் அந்த ஒரு நொடியில் வந்து நின்றன.

“இவளுக்கு விசா கிடைக்கணும்,” என்று உரக்கச் சொன்னேன். வேறொன்றும் கேட்கவில்லை.

பெரியவள் ஆமென் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.