பெயரறியாத உழைப்பாளியின் கைகள்

1

இந்தக் கதை என் கட்டுரையொன்றில் வெட்டுப்பட்ட பந்தியிலிருந்து வந்தது. கண்டியில் நான் படித்து, இப்போது படிப்பிக்கும் கலைக் கல்லூரியின் பட்டப்பின்படிப்புச் சிற்பப் பிரிவுக்கு இருபது வயது. விழா மலருக்கு அதன் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பன்னிரண்டு பக்கம் கொடுத்தேன். பதினொன்றேமுக்கால் பக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

"ருஷ்தா, இது கோர்ஸ்ட வரலாறு," என்றார் மலர்க்குழுச் செயலாளர் அஸ்ஃபர். "படிப்பிச்சவங்க, படிச்சவங்க, அவ்வளவுதான். கிளீனரப் பத்தி எழுதணுமெண்டா கதையா எழுதுங்களே."

சரி, கதையாகவே எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "ஆரம்பத்தில் ஐந்து மாணவர்களும் ஒரு களிமண் தொட்டியும்—"

வேண்டாம். இப்படித் தொடங்கினால் பேராசிரியர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். ஜெயராணி அக்கா வந்து சேரப் பதினொரு பக்கம் ஆகும்.

இரண்டாம் தொடக்கம்: "ஹேவாஹெட்ட மலைகளில் பனி—"

இதைக் கேட்டால் அக்காவே சிரிப்பார். அது அவர் ஊர்; பனி என்றால் அவருக்கு பஸ் பிந்தும்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். ஜெயராணி அக்கா எங்கள் பிரிவில் கூட்டித் துடைக்க வந்தவர். சிற்பங்களுக்கு அச்சு எடுத்ததும் களிமண்ணைத் தொட்டிக்கே திருப்பிப் போடுவது எங்கள் வழக்கம். அவர் அதில் கல்லையும் கம்பியையும் பொறுக்கி, நனைத்து, மிதித்து, அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆயத்தமாக வைப்பார். இருபது ஆண்டும் ஒரே மண். (வரலாறு என்று இதைத்தானே சொல்ல வேண்டும்? இந்த வரியையும் வெட்டினார்கள்.)

3

நான் அங்கே படித்தபோது இறுதிப் பரீட்சைக்குச் செய்த சிற்பம் இரண்டு கைகள். மார்க்கத்தில் உருவம் ஆகாது என்பார் வாப்பா; முகம் செய்தால் அவர் மனம் நோகும் என்று கைகளோடு நின்றுகொண்டேன். அக்காதான் சாப்பாட்டு வேளைகளில் கதிரையில் உட்கார்ந்து, பார்த்துச் செய்யத் தன் கைகளைத் தந்தார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கம்பளைக்கு, வீட்டுக்குப் போனேன். இரண்டு நாளில் திரும்புவதாக எண்ணம். டெங்கு என்னை ஒன்பது நாள் படுக்கையில் போட்டது. போர்த்திய ஈரத்துணி காய்ந்தால் களிமண் வெடித்துவிடும். பரீட்சை நெருங்கிவிட்டது. எல்லாம் போச்சு என்று உம்மாவிடம் அழுதேன்.

திரும்பி வந்து பயந்து பயந்து மேலே மூடிய பொலித்தீன் உறையைத் தூக்கினால், துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. விடுமுறை நாட்களிலும் அக்கா ஹேவாஹெட்டவிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து நனைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"நீங்க பாஸாகணும்ல மிஸ்," என்றார்.

4

(இங்கே என் நன்றியைப் பற்றி அழகான ஒரு பந்தி இருந்தது. அடித்துவிட்டேன். காரணம் கீழே.)

பிளாஸ்டரில் வார்த்த அந்தக் கைகள் இன்றும் கல்லூரி வாசலில் இருக்கின்றன. கீழே பலகை: "பெயரறியாத உழைப்பாளியின் கைகள்." அதை எழுதியது அஸ்ஃபர் இல்லை, நான். பரீட்சகர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியும் என்று கணக்குப் போட்டேன். இத்தனை வருடமும் அந்தப் பலகையைத் துடைத்து வைத்தவர் அக்கா.

5

முடிவு ஒன்று: அக்காவை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். முடிவு இரண்டு: அஸ்ஃபர் மனம் மாறுகிறார். இரண்டுமே எனக்கு வசதியானவை, அதனால் இரண்டையும் நம்பவில்லை.

நேற்று அக்காவுக்குப் போன் எடுத்தேன். ஓய்வு பெற்று மூன்று மாதமாகிறது.

"அக்கா, அந்தப் பலகையில உங்கட பேரப் போடப் போறேன். அப்பவே போட்டிருக்கணும். மன்னிச்சுக்கொள்ளுங்க."

"போடுங்க மிஸ், வேணாங்கல. மக வந்தா காட்டுவேன்." பிறகு கேட்டார்: "அது சரி, தொட்டிக்கு இப்ப யாரு தண்ணி ஊத்துறா?"

எனக்குத் தெரியவில்லை. வரலாறு எழுதியவள் நான்.

6

இன்று காலை தொட்டியைத் திறந்தேன். ஓரமெல்லாம் வெடித்திருந்தது. நடுவில் இன்னும் ஈரம் இருந்தது. நான்கு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். ஊறியிருக்கும், இனி இறங்கி மிதிக்க வேண்டும். ஜெயராணி அக்காவுக்கு நன்றி. இந்த வரியை அடிக்கப் போவதில்லை.

கதைக்கு முடிவு எழுத நேரமில்லை. பழைய பலகையைக் கழற்றிவிட்டேன், புதியது வர ஒரு வாரமாகும். அதற்குள் நீங்கள் எங்கள் வாசலுக்கு வந்தால், பக்கத்தில் நிற்கும் யாராவது இவை யாருடைய கைகள் என்று கேட்கக்கூடும். உங்களுக்குத் தெரியும். சொல்லிவிடுங்கள்.