கோச் வீட்டு வாசலில் நட்ட பலகை

வியாழக்கிழமை மாலை ஆறரை ஆனால் மேப்ரி ஊரில் எல்லா ரேடியோவும் ஒரே நிகழ்ச்சியைத்தான் பாடும். கெளுத்தி மீன் வறுத்துப் போடும் சாப்பாட்டுக் கடையின் மூலை மேசையில், முன்னால் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு, டஸ்கோம் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணிக் கோச் லமார் ஹட்டோ உட்கார்ந்திருப்பார். ஊர்க்காரர்கள் போன் போட்டுத் திட்டுவார்கள். அவர் ஒரு மணி நேரம் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

முதல் போன் எப்போதும் வெர்லன் டிட்மோருடையது. இதற்காகவே ஹார்டுவேர் கடையை அரை மணி முன்னால் சாத்திவிட்டு, சமையலறையில் போனும் கையுமாக நிற்பார்.

"கோச், நான் வெர்லன்."

"சொல்லுங்க மிஸ்டர் வெர்லன்."

"நாலு வாய்ப்பு குடுத்தா எங்க வீட்டுக் கோழிகூட பத்து கஜம் நகர்ந்துடும். உங்க பசங்க நகர மாட்டேங்கறாங்க. நாலாவது வாய்ப்பு வந்ததும் நீங்க அந்த டோபிங்கற பையனைப் பந்தை உதைக்க அனுப்பிடறீங்க. ரெண்டு கம்பத்துக்கு நடுவுல உதைச்சு மூணு பாயிண்ட் எடுத்தாப் போதும்னு உங்களுக்கு யாருய்யா சொன்னது? பந்தைத் தூக்கிட்டு ஓடி ஆறு எடுக்கணும்! உதைக்காதே, உதைக்காதேன்னு ஆறு வருஷமா கத்தறேன். காதுல ஏறுதா?"

"ஏறுது சார். யோசிக்கறேன். அப்புறம், உங்க கூரை ஓரத் தகரத்துல இலை அடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை ஏணியோட வர்றேன். முட்டி வலியை வெச்சுக்கிட்டு நீங்க ஏறாதீங்க."

இதுதான் வெர்லனின் சங்கடம். கோச் அவருக்குப் பக்கத்து வீடு.

கோச்சாக லமாரைப் போல ஒரு தண்டத்தை அலபாமா மாநிலமே பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரராக அவரைப் போல ஒரு தங்கமும் கிடையாது. புயலில் பெக்கான் மரம் வெர்லன் கூரைமேல் விழுந்த அன்று, ரம்பத்தோடு வந்தவர் மூன்று நாள் கழித்துத்தான் தன் வீட்டுக்குப் போனார். ஞாயிறு தோறும் பத்து மணி நேரம் புகையில் வெந்த பன்றிக்கறி ஒரு தட்டு வேலியைத் தாண்டி வரும். மாலையில் இருவரும் வராந்தாவில் டாமினோ ஆடுவார்கள். அதில் லமார் நாலு கட்டை முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்திருப்பார். அந்த மூளையில் கால்வாசியைச் சனிக்கிழமை மைதானத்துக்குக் கொண்டுபோனால் என்ன என்று வெர்லனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அந்த வருடம் டஸ்கோம் கோவேறு கழுதைகள் (அணியின் பெயரே அதுதான், நான் வைக்கவில்லை) எட்டு ஆட்டம் ஆடி எட்டும் தோற்றிருந்தார்கள். ஒன்பதாவது, பழைய மாணவர்கள் எல்லாம் ஊர் திரும்பி வந்து பார்க்கும் ஆட்டம். எதிரணியின் பஸ் வழியில் படுத்துவிட்டது. பாதிப் பேர்தான் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பாதிப் பேரிடம் கழுதைகள் முப்பத்தொன்றுக்கு ஒன்பது என்று தோற்றார்கள். ஒன்பதும் டோபி உதைத்தது.

பழைய மாணவர் ஆட்டத்தில் தோற்றால் மேப்ரியில் ஒரு வழக்கம் உண்டு. மறுநாள் கோச் வீட்டுப் புல்வெளியில் 'இந்த வீடு விற்பனைக்கு' என்ற பலகை முளைக்கும். அடுத்து ஒரு வெற்றி வந்தால் மட்டுமே அதைப் பிடுங்கலாம். வராவிட்டால் கோச் மூட்டை கட்ட வேண்டியதுதான். பலகையின் பின்புறம் அப்படிப் போன நாலு கோச்சுகளின் பெயர்கள் சிவப்புப் பெயிண்டில் இருக்கின்றன. பலகையை நடும் உரிமை, சீசன் டிக்கெட்டை அதிக வருடம் விடாமல் வைத்திருப்பவருக்கு. அதாவது வெர்லனுக்கு.

ஞாயிறு காலை வயிற்று வலி என்று சொல்லிவிட்டு அவர் சர்ச்சுக்குப் போகவில்லை. லமார் அங்கே பாடகர் வரிசையில் நின்று உருகிக்கொண்டிருந்த நேரத்தில், இவர் அவருடைய புல்லில் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். சர்ச்சில் பியானோ வாசித்துவிட்டுத் திரும்பிய மனைவி நடீன் காரை விட்டு இறங்கியதும் இடுப்பில் கை வைத்தார்.

"வயித்து வலின்னியே?"

"வலிதான். நேத்து மேட்ச் பார்த்ததுல வந்த வலி."

"அந்த மனுஷன் குடுத்த கறி இன்னும் ஃப்ரிட்ஜ்ல இருக்கு வெர்லன். அதைத் தின்னுட்டே அவர் வாசல்ல பலகை நடறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"கறி வேற, ஃபுட்பால் வேற."

அதற்குள் லமாரே வந்துவிட்டார். சர்ச் உடுப்பும் டையுமாகப் பலகையைச் சுற்றி வந்து பார்த்தார். வெர்லன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், கோணலா இருக்கு. கீழ தண்ணிக் குழாய் போகுது, அதான் இறங்கல. ஒரு அடி தள்ளி அடிச்சாச் சரியாயிடும்." சுத்தியலை வாங்கி அவரே நேராக நட்டுக் கொடுத்தார். பிறகு டையைக் கழற்றிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு, சொன்னபடி ஏணியை எடுத்து வந்து வெர்லனின் கூரையில் ஏறி இலை அள்ள ஆரம்பித்தார். அன்றைக்குக் கறி வெர்லனுக்குத் தொண்டையில் இறங்க மறுத்தது. இருந்தாலும் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

திங்கட்கிழமை கடைக்கு ஒரு போன் வந்தது. பலகையில் இருந்த பழைய எண் அழிந்து போய், இரண்டு வருடம் முன்பு வெர்லன் தன் கடை எண்ணையே அதில் எழுதி வைத்திருந்தார். சும்மா, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று.

"வணக்கங்க, கிரேடி ஸ்ப்ராகின்ஸ் பேசறேன். பெல்ட்டன்லருந்து. எல்ம் தெருவுல ஒரு வீடு விலைக்குன்னு போட்டிருக்கீங்களே?"

பெல்ட்டன்! சனிக்கிழமை கடைசி ஆட்டமே பெல்ட்டன் சேவல்களோடுதான். எண்பது வருடப் பகை.

"நேத்து சாயங்காலம் வீட்டைப் பார்த்துட்டோம். அந்தம்மா ஐஸ் டீ எல்லாம் குடுத்தாங்க. எங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. முக்கியமா அந்த வேலியோரம். எங்ககிட்ட காத்தடிக்கிற சேவல் பொம்மை ஒண்ணு இருக்கு, இருபது அடி உசரம். ஆகஸ்ட்ல நிறுத்துனா ஜனவரியிலதான் இறக்குவோம். எங்க டீம் பாயிண்ட் எடுத்தா அதுவே கூவும்."

"அந்த வீட்டுல கரையான்," என்றார் வெர்லன்.

"நான் கரையான் மருந்து அடிக்கிறவன்தாங்க."

"பாம்பும் உண்டு."

"என் சம்சாரம் பாம்பு வளர்க்கறா."

"அந்த வீட்டுக்கு வந்த நாலு கோச்சுக்கும் வேலை போச்சு."

"நான் கோச் இல்லையே! சரி, ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குப் பத்திரத்தோட வர்றோம்."

வெர்லன் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினார். லமாரின் மனைவி பாட்ஸி சமையலறையில் பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யறது மிஸ்டர் வெர்லன்? பலகை நட்டாச்சு. சனிக்கிழமை ஜெயிக்கப் போறதில்ல, அது லமாருக்கே தெரியும். ஜார்ஜியாவுல எங்கண்ணன் டயர் கடை வெச்சிருக்கான், வரச் சொல்லிட்டான். உங்களை விட்டுப் போறதுதான் அவருக்கு வருத்தம். இனிமே உங்க கூரையில யாரு இலை அள்ளுவாங்கன்னு நேத்துப் பூரா புலம்பினாரு."

வெர்லனுக்கு அழுகை வந்தது. அறுபத்து நாலு வயதில் பக்கத்து வீட்டுச் சமையலறையில் அழ முடியாது என்பதால் இருமினார்.

இனி வழி ஒன்றுதான். கழுதைகள் ஜெயிக்க வேண்டும். வியாழக்கிழமை ஆறரைக்கு முதல் போன் போட்டார்.

"கோச், நான் வெர்லன். உங்களைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லலாம்னு கூப்பிட்டேன். பசங்களை நல்லா தயார் பண்ணியிருக்கீங்க. உங்க திறமை மேல எனக்கு முழு நம்பிக்கை."

மீன் கடையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"சார்," என்றார் லமார் மெதுவாக, "மிஸ் நடீன் பக்கத்துல இருக்காங்களா? அவங்ககிட்ட போனைக் குடுங்க."

நடீன் ஏற்கெனவே ஓடி வந்து புருஷனின் முகவாயைத் திருப்பிக்கொண்டிருந்தார். "சிரி. சிரிச்சுக் காட்டு. வாய் ஒரு பக்கமா இழுக்குதா? கையைத் தூக்கு."

"எனக்கு ஒண்ணும் இல்லடி! கோச், நிஜமாத்தான் சொல்றேன். நீங்க ஜெயிக்கணும்."

லமார் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார். "ஆறு வருஷத்துல இதுதான் முதல் தடவை சார். நானும் உங்களுக்கு ஒண்ணு செய்யறேன். சனிக்கிழமை, ஒரே ஒரு தடவை, உங்க பேச்சைக் கேக்கறேன். எங்க பெஞ்சுக்குப் பின்னாடிதானே உங்க சீட்டு? நான் திரும்பி உங்களைப் பார்ப்பேன். நீங்க சொல்லுங்க. சொன்னதைச் செய்வேன். இது என் வாக்கு."

ஊரே கேட்டது.

சனிக்கிழமை வெயில் இதமாக இருந்தது. வெர்லன் வறுத்த வேர்க்கடலையைக்கூடத் தொடவில்லை. ஆட்டம் முடிய நாலு விநாடி இருந்தபோது சேவல்கள் இருபது, கழுதைகள் பதினெட்டு. பதினெட்டும் டோபி. ஆறு உதை, ஆறும் கம்பத்துக்கு நடுவே. ஒவ்வொரு உதைக்கும் வெர்லன் ரகசியமாகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். இப்போது நாலாவது வாய்ப்பு. பந்து கம்பத்துக்கு வெகு பக்கத்தில் இருந்தது. அவ்வளவு பக்கத்திலிருந்து டோபி பிறந்ததிலிருந்தே தவறவிட்டதில்லை. இன்னொரு மூன்று விழுந்தால் இருபத்தொன்று. வெற்றி. பலகையைப் பிடுங்கிவிடலாம். கிரேடி தன் சேவலை மடித்துக்கொண்டு போகலாம்.

டோபி மைதானத்துக்குள் பாதி தூரம் போயிருந்தான். அப்போதுதான் லமார் திரும்பினார்.

நாலாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வெர்லன் எழுந்து நின்றார். உதை என்று சொல்ல வேண்டும். அவர் மனசு முழுக்க அந்த ஒரு சொல்தான் இருந்தது. உதை, லமார், உதைத்துவிடு. வாயைத் திறந்தார். வாய், ஆறு வருடமாக அந்த இடத்தில் நின்று எதைச் சொல்லிப் பழகியதோ அதையே சொன்னது.

"உதைக்காதே!"

லமார் அவர் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். டோபியைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். பந்தை இடுக்கிக்கொண்டு ஓடிய பையனை எல்லைக் கோட்டுக்கு அரை கஜம் முன்னால் ஐந்து சேவல்கள் அமுக்கிப் போட்டார்கள். ஆட்டம் முடிந்தது.

கூட்டம் மைதானத்தைப் பார்க்கவில்லை. வெர்லனைப் பார்த்தது. மூன்று வரிசை பின்னாலிருந்து ஒரு பாதிரியார் வேர்க்கடலைப் பொட்டலத்தை எறிந்தார். குறி தப்பவில்லை. வீட்டு வாசலில் நடீன் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். சர்ச்சில் பியானோ வாசிக்கிறவர் என்பதால் அதை எழுதாமல் விடுகிறேன்.

மறுநாள் காலை வெர்லன் சர்ச்சுக்குப் போகவில்லை. இந்த முறை வயிற்று வலி நிஜம். லமார் வீட்டுப் புல்வெளிக்குப் போய்ப் பலகையைப் பிடுங்கினார். நன்றாக நட்டிருந்ததால் வர மறுத்தது. கட்டிப் பிடித்து, ஆட்டி, மல்லாந்து விழுந்து, ஒரு வழியாகப் பிடுங்கி எடுத்து வந்து தன் வாசலில் நட்டார்.

பதினோரு மணிக்குக் கிரேடி ஸ்ப்ராகின்ஸ் வந்து இறங்கினான். லாரியின் பின்னால் சேவலின் சிவப்புக் கொண்டை மட்டும் காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"பலகை வீடு மாறிடுச்சே?"

"மாறிடுச்சு. அந்த வீடு விக்கறதுக்கில்ல. இதுவும் விக்கறதுக்கில்ல. கிளம்பு."

"அப்ப எதுக்குய்யா பலகை?"

"உங்க ஊருக்கெல்லாம் புரியாது. வண்டிய எடு!"

அவன் முணுமுணுத்துக்கொண்டே போன கொஞ்ச நேரத்தில் லமாரும் பாட்ஸியும் சர்ச்சிலிருந்து வந்தார்கள். லமார் நேராக வேலியைத் தாண்டி வந்தார்.

"என்ன சார் இது?"

"நேத்து தோத்தது நான். தோத்தவன் வாசல்லதான் பலகை நிக்கணும். அதான் வழக்கம்."

"அப்படி ஒரு வழக்கம் இல்லையே சார்."

"இன்னிக்குக் காலையிலருந்து உண்டு." வெர்லனுக்கு மூக்கு ஒழுகியது. துடைக்கவில்லை. "நீ போகக்கூடாது லமார். உன்னை மாதிரி ஒரு மோசமான கோச்சை நான் பார்த்ததில்ல. ஆனா நீ போகக்கூடாது."

லமார் தரையைப் பார்த்துச் சிரித்தார். "காலேஜ் தலைவர் சர்ச் வாசல்ல பிடிச்சுக்கிட்டாரு. நேத்து சாயங்காலத்துலருந்து நூத்துப் பத்து போனாம். ஒருத்தர்கூட என்னைத் திட்டலையாம். எல்லாம் உங்களைத்தான். ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லி ஆடின ஆட்டத்துக்கு என்னை எப்படி வேலைய விட்டு அனுப்பறதுன்னு கேட்டு, இன்னொரு வருஷம் பாருங்கன்னாரு. பாட்ஸி தட்டெல்லாம் பிரிச்சு வைக்கப் போயிட்டா."

வெர்லன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் உதைன்னு சொல்லத்தான் எழுந்தேன் லமார். சத்தியமா. வாய்தான் மாத்திச் சொல்லிடுச்சு."

"தெரியும் சார். முகத்துலயே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதா? அப்புறம் ஏன்யா அவனை ஓட விட்டே?"

"வாய் சொன்னதைக் கேக்கறேன்னுதானே வாக்குக் குடுத்தேன்."

வெர்லன் துள்ளி எழுந்தார். முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை. "மடையா! ஜெயிக்கிற ஆட்டம்யா அது! ஆறு வருஷத்துல நீ பண்ணின மட்டமான வேலை அதுதான்! வர்ற வியாழக்கிழமை போன் போடறேன், இருக்கு உனக்கு!"

"போடுங்க சார்," என்றார் லமார். சுத்தியலை எடுத்துக்கொண்டு பலகையைச் சுற்றி வந்தார். "கோணலா இருக்கு. கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."