சட்டை போட்டும் வராதவர்

அந்தத் தெருவே அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. சாமியாடுகிறவர்களையும் ஆவி வந்து பேசுகிறவர்களையும் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர். அதே தெருவில் துணி தைக்கிற தையல்காரம்மா மேல் செத்தவர்கள் வந்து பேசுவதை வருஷக்கணக்காக மூலையில் உட்கார்ந்து பார்த்து, புத்தகமே போட்டுவிட்டாள்.

அந்தப் புத்தகத்தில் ஒன்றைப் புட்டுப் புட்டு வைத்திருந்தாள். முன்னறையில் காத்திருப்பவர்களுக்குத் தையல்காரம்மாவின் தங்கை டீ கொடுப்பாள். "போனவங்க உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்பாள். துக்கக்காரர்களுக்கு வாய் நிற்குமா? கொட்டிவிடுவார்கள். அது அப்படியே உள்ளே போய்விடும். பிறகு தையல்காரம்மா, போனவரின் உடுப்பைத் தன் உடுப்புக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, அதையே திருப்பிச் சொல்லுவாள். இவ்வளவுதான் சூட்சுமம் என்று டாக்டரம்மா எழுதியிருந்தாள்.

இப்போது அவள் வீட்டுக்காரரே போய்விட்டார். நாலு பேர் முன்னால் "டாக்டர்" என்று மரியாதையாகக் கூப்பிடுவார், வீட்டுக்குள் "ஏய் லொடலொட!" அவள் ஓயாமல் பேசுகிறாள் என்ற கேலி. அந்தக் கேலியை இன்னொரு தடவை கேட்கவேண்டும், அவ்வளவுதான். அது இல்லாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை.

அவருடைய நீலச் சட்டையோடு போய் முன்னறையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் பெண்டாட்டியின் ஸ்வெட்டர்.

"என்ன டாக்டரம்மா, இன்னிக்கு நீங்களா?" தங்கை டீயை நீட்டினாள். "எப்படிக் கூப்பிடுவாரு?"

டாக்டரம்மா தெரிந்தேதான் சொன்னாள். பெயரை மட்டுமா? கடைசி எழுத்தில் அவர் இழுக்கிற இழுப்பையும் சேர்த்துச் சொன்னாள். ஏமாறுவதென்று வந்தாயிற்று, அரைகுறையாக ஏமாறுவானேன்?

உள்ளே தையல்காரம்மா நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். நேரம் போனது. தையல்காரம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் கண்ணைத் திறந்தாள்.

"வரலை டாக்டரம்மா."

"அக்கா, வந்த மாதிரி ஒரே ஒரு தடவை கூப்பிட்டுடுங்களேன். அந்தப் பேருதான் உங்களுக்குத் தெரியுமே!"

"தெரியும். தங்கச்சி சொன்னா."

"அப்புறமென்னக்கா?"

"பேரு தெரியாம யாரைத் தேடிக் கூப்பிடறது? அதுக்குத்தான் கேக்கறது. ஆனா வராதவரு பேச்சை நான் பேசினா, அது நான்தானே? இத்தனை வருஷம் பார்த்தீங்க, இது தெரியலையா?"

டாக்டரம்மா விக்கி விக்கி அழுதாள். பொய்யாவது கிடைக்கும் என்று வந்தவளுக்கு அதுவும் கிடைக்கவில்லை. தையல்காரம்மா சட்டையைக் கழற்றி, மடித்து, அவள் கையில் கொடுத்து, தலையைத் தடவிவிட்டாள்.

டாக்டரம்மா வெளியே வந்ததும் பெரியவர் உள்ளே போனார். படியிறங்கப் போனவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே குரல் மாறியது. ஒரு பெண் யாரையோ செல்லமாகத் திட்டினாள். பெரியவர் சிரித்தார், மூச்சுத் திணறத் திணறச் சிரித்தார்.

இந்த மாதிரிக் குரல்களை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், ஒருநாளும் இப்படி வயிறு எரிந்ததில்லை. பெரியவருக்கு அவர் பெண்டாட்டி வந்துவிட்டாள். எனக்கு மட்டும் ஏன் வரவில்லை, அப்படி என்ன கோபம் என்மேல் என்று, சட்டையின் காலரைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு நின்றாள்.