இடப்பக்கத்து மண்வெட்டி

ஸ்கேன் அறை வாசலில் குந்தி, மனைவியின் கால்விரலிலிருந்து மெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுகூட, அமிர்தம் நடிக்கிறாள் என்றுதான் உலகநாதன் நினைத்துக்கொண்டிருந்தான். உள்ளே இருப்பது பெரிய காந்தம், உடம்பில் நகைநட்டு எதுவும் இருக்கக் கூடாது என்று நர்ஸ் லில்லி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வலதுகால் மெட்டி சோப்பு போட்டதும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இடதுகால் விரல் வீங்கிக் கிடந்தது. அவன் திருகத் திருக அமிர்தம் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

கரிக்கலாம்பாக்கத்தில் அவர்கள் கரும்பு வைக்கிற ஒன்றரைக் காணி நிலம், அமிர்தத்தின் அப்பா அவள் பேருக்கு எழுதி வைத்தது. சுற்றிலும் வயலெல்லாம் மனையாகி, கல் நட்டாகிவிட்டது. உலகநாதனும் ஒரு தரகரைப் பிடித்து விற்பனை ஒப்பந்தக் காகிதத்தை வீட்டுக்கே வரவழைத்தான். மறுநாள் காலையில் இடது கண் மங்குகிறது என்றாள் அமிர்தம். கண்ணை உருட்டினால் உள்ளே வலிக்கிறதாம். காய்ந்த மிளகாய் சாயம் போன துணி மாதிரி தெரிகிறதாம். படிக்க உட்கார்ந்தால் வலி மண்டைக்கு ஏறுகிறது, தெளிந்ததும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக வராத கண் நோய் காகிதம் வந்த மறுநாள் வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

வில்லியனூர் கண் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் ஒன்றும் தெரியவில்லை, பின்னால் நரம்பில் வீக்கம் இருக்கலாம், உடனே ஸ்கேன் எடுங்கள் என்றார். உலகநாதனின் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான். மறுபாதி கமிஷனுக்காகச் சொன்னது என்று முடிவு கட்டிவிட்டான். எழுதிக் கொடுத்த சீட்டைச் சுவரில் மாட்டியிருந்த சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான்.

அதோடு விட்டானா? ஒருநாள் அந்தி நேரத்தில், கொல்லைக்குப் போகும் வழியில் இடப்பக்கமாக மண்வெட்டியைக் கிடத்திவிட்டு மாட்டுக் கொட்டகை ஓரம் போய் நின்றுகொண்டான். தண்ணீர்க் குடத்தோடு வந்த அமிர்தம் நேராக அதில் இடித்து விழுந்தாள். இடதுகால் விரல் நகம் பெயர்ந்தது. அப்போதும் அவன் மனசு இளகவில்லை. வேண்டுமென்றே காலைக் கொண்டுபோய் விட்டிருப்பாள், அந்த நெஞ்சழுத்தம் அவளுக்கு உண்டு என்று நினைத்தான். சீட்டு வந்து பதினாறு நாள் கழித்து, அவள் அண்ணன் வந்து சத்தம் போட்ட பிறகுதான் புதுச்சேரிக்கு பஸ் ஏறினார்கள்.

மெட்டி ஒருவழியாக ரத்தக் கசிவோடு வந்தது. அடுத்தது தாலி. வெறுங்கழுத்தாக உள்ளே போக மாட்டேன் என்று அவள் வீட்டிலிருந்தே மஞ்சள் கயிறும் அதில் கோக்க ஒரு மஞ்சள் கிழங்கும் எடுத்து வந்திருந்தாள். வரிசையில் காத்திருந்தவர்கள் பார்க்க உலகநாதன் அதை அவள் கழுத்தில் கட்டினான். ஊக்குகள் தொங்கிய தாலிச் சரட்டை அவள் கழற்றித் தர, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கை நரம்பில் மருந்து ஏற்றச் சம்மதம் கேட்டு லில்லி ஒரு தாளை நீட்டினாள். உலகநாதன் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினான். அமிர்தம் பேனாவை வாங்கவில்லை.

"ஏம்மா, இவரு படிச்சதுதான் அதுல இருக்குதா?" என்று லில்லியைக் கேட்டாள்.

லில்லி ஆமாம் என்றதும் போட்டாள். உலகநாதன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

உள்ளே முக்கால் மணி நேரம் கடகடவென்று சத்தம். பிறகு டாக்டரம்மா அவனை மட்டும் அழைத்துத் திரையைக் காட்டினார். வலது கண்ணின் நரம்பு மெலிசாக, மங்கலாக இருந்தது. இடது நரம்பு தடித்து, ஏற்றிய மருந்தை வாங்கிக்கொண்டு வெள்ளை வெளேரென்று தெரிந்தது. மூளையில் ஒன்றும் இல்லை, இன்றைக்கே சேர்த்து ஊசி மருந்து ஏற்றலாம், பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும், சிவப்பு பழையபடி தெரியுமா என்று மட்டும் இப்போது சொல்ல முடியாது என்றார்.

"சீட்டு எழுதிப் பதினாறு நாள் ஆச்சே. இவ்ளோ நாள் இன்னா பண்ணீங்க?"

உலகநாதன் திரையில் தெரிந்த அந்த வெள்ளை நரம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெளியே அமிர்தம் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்று, அன்றைக்கு அந்த மண்வெட்டியை, என்று ஆரம்பித்தான்.

"நீதான் வச்சன்னு அன்னிக்கே தெரியும்யா," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "கொட்டாயாண்ட நீ நின்னது வலது கண்ணுக்குத் தெரிஞ்சுது. தூக்கி வுட வருவேன்னு கொஞ்ச நேரம் அப்படியே கெடந்தேன்."

அவன் பையிலிருந்து தாலியை எடுத்தான். கட்டிவிடக் குனிந்தவனை விலக்கி, அவள் உள்ளங்கையை நீட்டினாள். வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, ஒரு பொட்டு, இன்னொரு பொட்டு, குண்டுகள், பவழம் என்று ஒவ்வொன்றாக விரலால் நெருடி எண்ணத் தொடங்கினாள்.