மூன்றாவது கூற்று

என் தம்பி அல்பீன் வெஸ்லிங்கைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு கதைகள் உலவுகின்றன. பல்கலைக்கழக மேடையில் ஏறியபோது அவன் குடித்திருந்தான் என்பது ஒன்று. அதிகம் படித்துப் புத்தி பேதலித்துவிட்டது என்பது மற்றொன்று. இரண்டும் பொய். அன்று நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இந்த மாவட்டத்து நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கணிதப் பேராசிரியர் பதவி காலியாகி, அதை அவனுக்கென்றே வைத்திருந்தார்கள். பாக்கி இருந்தது ஒரு சடங்கு மட்டும். தன் ஆய்விலிருந்து சில கூற்றுகளை அச்சிட்டுக் கதவில் ஒட்ட வேண்டும். பிறகு எல்லோர் முன்னாலும் மேடையேறி, அவற்றை மறுத்துப் பேசுகிறவர்களை லத்தீனில் மடக்க வேண்டும். மறுத்துப் பேசுகிறவர்கள் அவனுடைய நண்பர்களேதான். கேள்வியும் பதிலும் முன்னதாகவே பேசி முடிவாகிவிடும். மறுத்தவர் கடைசியில் தலைவணங்கி உட்கார்ந்துவிடுவார். இதுவரை இந்த மேடையில் யாரும் தோற்றதில்லை.

இந்தப் பதவிக்காக இன்னொரு வீடும் காத்திருந்தது. அரசு ஆலோசகர் ஷ்டேகெமானின் மகள் மால்வினேவுக்கும் அல்பீனுக்கும் மோதிரம் மாற்றி வெகுகாலம் ஆகியிருந்தது. பேராசிரியராக வந்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை என்று அவள் தகப்பனார் என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். நான் அதைத் தவறென்று நினைக்கவில்லை. எனக்குப் பெண் இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

சடங்குக்கு முந்தைய நாள் ஹென்னிங் எங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தான். அல்பீனோடு ஒன்றாகப் படித்தவன். மூன்றாவது கூற்றை அவன்தான் மறுக்க வேண்டும்.

"டேய், நாளைக்கு உன்னை எப்படிக் கடிக்கணும்? மெதுவாவா, ரத்தம் வர்ற மாதிரியா?"

"பல்லு இருந்தா கடி. உன் லத்தீனுக்குத்தான் பல்லே கிடையாதே."

"உங்க தம்பி வாயைப் பாத்தீங்களா ஐயா? கல்யாணம் ஆகட்டும், மால்வினே அடக்கிடுவா."

"அவ அடக்கினா அடங்கிட்டுப் போறேன், உனக்கென்ன?" என்றான் அல்பீன். கேக்கை வாயில் வைத்துக்கொண்டே இருவரும் கேள்வியை அமைத்தார்கள். அதற்கான பதிலையும் சேர்த்து அமைத்தார்கள்.

முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும் கூட்டல்களைப் பற்றியது அந்தக் கூற்று. ஒரு நிபந்தனை பொருந்தினால், எந்த வரிசையில் கூட்டினாலும் விடை மாறாது என்பது அல்பீனின் வாதம். வரிசையை மாற்றியபின் அந்த நிபந்தனையே உடைந்துபோனால் என்ன செய்வது என்பது ஹென்னிங்கின் கேள்வி.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. மால்வினே தன் தகப்பனாருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு கூற்றுகளும் எளிதாக முடிந்தன. ஹென்னிங் எழுந்து பேசிய லத்தீனுக்குப் பின்வரிசை மாணவர்கள் சிரித்தார்கள். அல்பீன் பதிலைத் தொடங்கினான். பாதி வாக்கியத்தில் நின்றான்.

மறந்துவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஹென்னிங் உதட்டை அசைத்து அடுத்த சொல்லைக்கூட எடுத்துக் கொடுத்தான். அல்பீன் அவனைப் பார்க்கவில்லை. என் தம்பியின் முகம் எனக்குத் தெரியும். சிறு வயதில் சூப் ஆறிப்போகும்வரை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு இப்படித்தான் உட்கார்ந்திருப்பான். பிறகு நிமிர்ந்து, தெளிவான குரலில், லத்தீனில் சொன்னான்: "மறுப்பவர் சொல்வது சரி. என்னிடம் இருக்கும் பதில் அவருடைய கேள்விக்குப் போதாது. மூன்றாவது கூற்றைத் திரும்பப் பெறுகிறேன்."

ஹென்னிங் தலைவணங்க மறந்து நின்றுகொண்டே இருந்தான். ஆலோசகர் தொப்பியை எடுத்துக்கொண்டு மகளுடன் வெளியேறினார்.

அன்று மாலையே பல்கலைக்கழகத்தின் டீன் ஓஸ்டர்வால்ட் எங்கள் வீட்டுக்கு வந்தார். கைத்தடியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீதிபதி ஐயா, ஒரே வழிதான் இருக்கு. தம்பிக்குக் காலையிலேர்ந்து காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன். இலையுதிர் காலத்துல மறுபடி மேடையேறலாம். யாருக்கும் நஷ்டமில்ல."

நான் அல்பீனைப் பார்த்தேன்.

"எனக்குக் காய்ச்சல் இல்லையே," என்றான் அவன்.

"அட, காய்ச்சல் வந்தா என்ன குறைஞ்சா போயிடும்? எனக்கே வருஷத்துல ரெண்டு தடவை வருது. அதுவும் கூட்டம் இருக்கிற அன்னைக்கு மட்டும்!"

"காய்ச்சல்ல சொன்னேன்னு ஆயிட்டா, அந்தக் கேள்வி தப்புன்னு ஆயிடும் சார். அது தப்பில்ல. அதுக்குப் பதில் எனக்குத் தெரியல."

டீன் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க. குடும்பத்துக்குப் பெரியவர் நீங்க."

"நான் தினமும் சத்தியம் வாங்கற நாற்காலியில உக்காந்திருக்கேன்," என்றேன். "எங்க வீட்டுலேர்ந்து பொய்ச் சான்றிதழ் போகாது."

இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மறுநாள் மால்வினே வந்தாள். தகப்பனாருக்குத் தெரியாமல் வந்திருந்தாள். கையுறையைக் கழற்றவில்லை. நான் அறையை விட்டு வெளியேற எழுந்தபோது, "இருங்க பெரிய அத்தான்," என்றாள். பிறகு அல்பீனிடம், "நான் கேக்க மாட்டேன். கேட்டா நீங்க செஞ்சிடுவீங்க," என்றாள்.

"செஞ்சிடுவேன்," என்றான் அவன்.

"அதனாலதான் கேக்கல."

அவ்வளவுதான் பேசினார்கள். மறு ஆண்டு அவளை ஷ்டெட்டினில் ஒரு கப்பல் முகவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பதவி ஹென்னிங்குக்குப் போனது. அவன் அதைக் கேட்டு வாங்கவில்லை. மறுத்தும் சொல்லவில்லை.

அல்பீன் கிழக்கே ஒரு சிறு நகரத்துப் பள்ளிக்கு ஆசிரியராகப் போனான். வகுத்தலும் பின்னமும் கற்பித்தான். ஆற்றங்கரையில் ஈரம் ஏறிய சுவருள்ள ஓர் அறை. விடுமுறைக்கு அழைத்தால் ஏதாவது சாக்குச் சொல்வான். ஹென்னிங் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். அல்பீன் எல்லாவற்றுக்கும் பதில் போட்டான். ஆனால் இருவரும் சந்திக்கவே இல்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பனிக்காலத்தில், தம்பி இருமலில் ரத்தம் துப்புகிறான் என்று தலைமையாசிரியர் எனக்குத் தகவல் அனுப்பினார். நான் போனபோது தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"அண்ணா, அதுக்குப் பதில் இருக்கு."

"எதுக்குடா?"

"ஹென்னிங் கேள்விக்குத்தான். வரிசையை மாத்தினாலும் அந்த நிபந்தனை உடையவே உடையாது. ரெண்டே வரி. போன வருஷம் பையன்களுக்குப் பின்னம் சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன், சட்டுன்னு புரிஞ்சது. அந்த மேடையில நின்னப்ப இது தெரிஞ்சிருந்தா..." இருமல் வந்து அவனை முடிக்கவிடவில்லை.

அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்படிச் செய்து எத்தனையோ காலமாகியிருந்தது.

"அவனுக்கு எழுதினியா?"

"எழுதினேன். அழுதிருப்பான், முட்டாப் பய."

ஹென்னிங் அழுதானோ இல்லையோ, சும்மா இருக்கவில்லை. அப்போது டீனாக இருந்தவன் அவன்தான். அந்த இரண்டு வரிகளோடு அமைச்சகத்துக்கே நேரில் போயிருக்கிறான். பிப்ரவரி மாத இறுதியில் அரசு முத்திரையுடன் ஆணை வந்தது. ஈஸ்டர் முடிந்ததும் அல்பீன் பேராசிரியராகப் பதவி ஏற்க வேண்டும். நான் அதை உரக்கப் படித்தேன். அவன் கண்ணை மூடியபடி கேட்டான். மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னான்.

"பதவியேற்புக்கு நல்ல கறுப்புக் கோட்டு வேணும்ணா. இது முழங்கையில போயிடுச்சு."

"தைச்சுடலாம்," என்றேன். தையற்காரரை வரவழைத்து அளவும் எடுக்க வைத்தேன். அவர் நாடாவைப் பிடித்தபோது தம்பியின் மார்பைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டார். ஈஸ்டருக்கு முன்பே அல்பீன் இறந்துபோனான். அந்தக் கோட்டிலேயே அடக்கம் செய்தோம்.

கல்லறைக்கு என்ன எழுதுவது என்று பேச ஹென்னிங் வந்தான். தலை நரைத்திருந்தது. மேசையில் என் எதிரே உட்கார்ந்து கையைப் பிசைந்தான்.

"பேராசிரியர்னு போடணும் ஐயா. ஆணையில கையெழுத்து ஆயிடுச்சு. சட்டப்படி தப்பே இல்ல."

"சத்தியப்பிரமாணம் எடுத்தானா?"

"இல்ல."

"எடுக்காதவன் பதவியில இல்ல."

"ஒரு சொல்தானே ஐயா! பாக்கிறவங்களுக்காவது தெரியட்டும். இந்த ஊர்க்காரங்க அவனைக் குடிகாரன்னு பேசறாங்க. எனக்காகவாவது போடுங்க. என்னால தாங்க முடியல."

"உனக்காக என் தம்பி தலைமாட்டுல பொய் எழுத முடியாது," என்றேன். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவனுக்குக் காப்பி ஊற்றிக்கொடுத்தேன். அது தவிர அவனுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

கல் செதுக்குகிறவரிடம் நானே போனேன். அல்பீன் வெஸ்லிங், அதற்குக் கீழே பள்ளி ஆசிரியர் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது வரியைச் சிறிதாகப் போடட்டுமா, வழக்கமாக அப்படித்தான் செய்வோம் என்று கேட்டார்.

பெயர் எவ்வளவு பெரிதோ, அதுவும் அவ்வளவு பெரிதாகவே இருக்கட்டும் என்றேன்.