மகனுக்கென்று விட்ட பிஞ்சுகள்

மகன் ஸியாமக் வெள்ளிக்கிழமை டெஹ்ரானிலிருந்து வருவதாகச் சொன்னதால், முற்றத்து வெள்ளரிக் கொடியில் யாரையும் கைவைக்க விடவில்லை பஹ்மன்.

"விரல் நீளத்துலயே பறிச்சிடணுங்க. முத்த விட்டா கொடி காய்க்கிறதை நிறுத்திடும்," என்றாள் மனைவி கோல்னார்.

"உனக்கு நாக்கு ஊறுது. அவன் கையால பறிக்கட்டும்."

அந்த வெள்ளி மகன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. காய்கள் பருத்து மஞ்சளாயின. கொடி புதுப் பூ வைக்கவில்லை.

ஒருவழியாக அவன் வந்த அன்று, கோல்னார் கடையில் வாங்கிய வெள்ளரிப் பிஞ்சுகளைப் பழத்தட்டில் அடுக்கி, பக்கத்தில் உப்பு வைத்தாள்.

ஸியாமக் ஒன்றைக் கடித்தான்.

"நம்ம வீட்டுக் காய் ருசியே தனிப்பா."

"உங்கப்பா உனக்காக ராப்பகலா காவல் காத்தாரு," என்றாள் கோல்னார்.

பஹ்மன் உப்பை மகன் பக்கம் நகர்த்தினார்.