நில்லு

தையற்கடை அக்கா எதைச் சொன்னாலும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறவன் அவள் தம்பி. முப்பது வயதில் அவனுக்குத் திடீரென்று படகு ஆசை வந்தது. தனியாக விட்டால் ஒழுங்காகத் திரும்ப மாட்டான் என்று கடையைப் பூட்டிவிட்டு அவளும் கிளம்பினாள்.

வாடகைப் படகுக்காரர் இருவருக்கும் மிதவைச் சட்டையை மாட்டி, துடுப்புகளைக் கையில் கொடுத்துவிட்டு, கரையில் நின்றபடி படித்துப் படித்துச் சொன்னார்.

"தண்ணில விழுந்துட்டா நிக்கப் பாக்காதீங்க. பாறை இடுக்குல கால் மாட்டிக்கும், ஓட்டம் ஆளை அமுக்கிடும். மல்லாக்கப் படுத்து காலை முன்னால நீட்டுங்க. ஆறே கொண்டுபோய் விட்டுடும்."

தம்பி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஷூ லேஸையாவது கட்டுடா."

"சரிக்கா, சரிக்கா." கட்டவில்லை.

ஆறு வளைகிற இடத்தில் படகு பாறையில் இடித்துக் கவிழ்ந்தது. அக்கா ஓரத்து மணலில் ஒதுங்கினாள். தம்பியை நீர் இழுத்துக்கொண்டு போனது. சின்ன வயதில் அவன் தெருவுக்கு ஓடும்போதெல்லாம் கத்திய அதே கத்தல் வாய் முந்திக்கொண்டு வந்தது.

"நில்லுடா!"

பிறந்ததிலிருந்து சொல்பேச்சு கேளாதவன் அன்றைக்குப் பார்த்துக் கேட்டான். காலை ஊன்றி நின்றான்.

இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் வலது கால் பாறையிடுக்கில் சிக்கிக்கொண்டது. ஆறு அவன் முதுகில் ஏறியது. அவ்வளவு பெரிய ஆளைத் துணி மடிப்பதுபோல் மடித்தது. முகம் முங்கியது, மிதவைச் சட்டை தூக்கியது, மறுபடி முங்கியது. அவள் கரையோரமாக ஓடினாள். ஐயோ, என் வாயாலேயே கொன்றுவிட்டேனே!

"படுடா! மல்லாக்கப் படு! காலை உதறு!"

உதறினான். முடிச்சு போடாத ஷூ இடுக்கிலேயே தங்க, கால் மட்டும் உருவிக்கொண்டு வந்தது. மல்லாந்தான். அமுக்கிய அதே தண்ணீர் அவனைப் பச்சைப்பிள்ளைபோல் ஏந்திக்கொண்டு போய், கீழே அமைதியான திருப்பத்தில் கரையோரம் விட்டது. ஓடிக்கொண்டே அதைப் பார்த்தவளுக்கு மலைப்பாக இருந்தது. இத்தனை பலத்தையும் வைத்துக்கொண்டு இவ்வளவு மெதுவாகவும் ஒன்றால் நடந்துகொள்ள முடியுமா?

தம்பி ஒற்றை ஷூவோடு நொண்டி வந்தான். உதடு நீலம் பூத்திருந்தது.

"நீ சொன்னியேன்னுதான்கா நின்னேன்."

அவள் குனிந்து கையை ஆற்றில் வைத்தாள். விரல்களுக்கு நடுவே நீர் ஒன்றும் அறியாததுபோல் வழிந்தோடியது.

மிச்சமிருந்த ஷூவின் லேஸ் மண்ணில் இழுபட, அவன் முன்னால் நடந்தான். அதைப் பார்த்தும் அவள் வாயைத் திறக்கவில்லை.